கதவடியில் ஆறு மில்லிமீட்டர்

உள்ளே போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போதுதான் பானுமதியின் வலது கால் தடுக்கியது. ஊன்றுகோல் ஹாலின் டைல்ஸ் மேல் போய்விட்டது, உடம்பும் அதன் பின்னால் சாய்ந்துவிட்டது, கால் மட்டும் படுக்கையறையிலேயே நின்றது. இடது கை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

ஹாலில் நின்றிருந்த தம்பி நவநீதன் ஓடி வந்தான்.

"அதுக்குத்தான் கையக் குடுன்னு சொன்னேன்!"

"கையப் புடிச்சுத்தான் நடக்கணும்னா நான் எதுக்குடா தனியா வூடு கட்டறேன்? உன் வூட்லயே ஒரு மூலையில கெடந்திருப்பேன்ல?"

அவன் நீட்டிய கையை மட்டும் மெதுவாக மடக்கிக்கொண்டான்.

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அந்த வீடு எழுந்திருந்தது. கட்டியவர் பானுமதி, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் வலது கால் மெலிந்துபோனது. தொடையிலிருந்து ஷூ வரை இரும்புக் கம்பி போட்ட காலிப்பர் அணிந்துதான் நடப்பார். காலிப்பருக்குள் முழங்கால் மடங்காது. மடங்காத காலைத் தூக்க முடியாது, வீசத்தான் முடியும். இடுப்பை ஒரு பக்கம் உயர்த்தினால் கால் கடிகாரத்தின் ஊசல் போல முன்னால் வரும். அப்படி வரும்போது ஷூவின் நுனிக்கும் தரைக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. எவ்வளவு என்று அவர் அளந்தே வைத்திருந்தார். ஐந்து ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் வைத்தால் ஷூ தாண்டிவிடும். மூன்று வைத்தால் இடிக்கும்.

அதனால் புது வீட்டில் உள்கதவு எதற்கும் படி வேண்டாம் என்று அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லியிருந்தார். தலைவாசலுக்கு மட்டும், மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று நவநீதன் பிடிவாதம் பிடித்ததால், தாழ்வாக ஒரு படியும் அதன் இரண்டு பக்கமும் சரிவும் வந்தன.

படுக்கையறைக்கு மரத்தரை வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். அதை ஊரில் பாதிப் பேர் ஆடம்பரம் என்றார்கள். இரவு படுக்கும் முன் காலிப்பரைக் கழற்றிவிட்டால் பிறகு அறைக்குள் நகர்வதெல்லாம் உட்கார்ந்தபடி, கையை ஊன்றித்தான். மார்கழியில் டைல்ஸ் மேல் அப்படி நகர்ந்தால் ரத்த ஓட்டம் குறைந்த கால் நீலம் பாரித்துப்போகும். டைல்ஸும் மரமும் ஒரே அறையில் ஒரே அளவு குளிர்ச்சியில்தான் இருக்கின்றன. ஆனால் டைல்ஸ் உடம்புச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாகத்தான் இழுக்கும். இதை எல்லோருக்கும் விளக்கி அலுத்துவிட்டது அவருக்கு. "எனக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்கு எதிர்க்கேள்வி வருவதில்லை.

இரண்டு விதமான தரை சந்திக்கும் இடத்தில் மேல்மட்டம் ஒன்றாக வரவேண்டும் என்றால், அடியில் இருக்கும் தளத்தை வேறு வேறு உயரத்தில் போட வேண்டும். டைல்ஸுக்கு அடியில் கலவை இருக்கும், அதன்மேல் டைல்ஸ். மரத்துக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட், அதன்மேல் எட்டு மில்லிமீட்டர் பலகை, கூட்டினால் பதினொன்று. ஆகவே டைல்ஸின் மேல்முகத்தைவிடப் பதினொரு மில்லிமீட்டர் தாழ்வாகப் படுக்கையறையின் சிமெண்ட் தளம் முடிய வேண்டும். பானுமதி இதை வரைந்தே காட்டியிருந்தார். டைல்ஸ் போட்ட மேஸ்திரி கிருஷ்ணப்பன் தலையாட்டினார். மரத்தரை போட வந்த அப்சலும் தலையாட்டினான். தருமபுரியில் கடை வைத்திருக்கும் இளைஞன் அவன். அப்புறமும் கால் தடுக்கியது.

அன்று சாயங்காலமே பானுமதி மேஸ்திரிக்கு போன் செய்தார். கிருஷ்ணப்பன் அப்போது ஏரியூர்ப் பக்கம் வேறு வேலையில் இருந்தார்.

"டீச்சருங்க, சத்தியமாச் சொல்றேன். பதினொண்ணு விட்டனுங்க. என் கையால அளந்து விட்டனுங்க. அந்தப் பையன் தடிமனா பலகைய மாத்திப் போட்டிருப்பான்."

"பலகை ஒசரமா இல்ல மேஸ்திரி. உங்க டைல்ஸ்தான் ஒசரமா இருக்குது. வெளிய வரும்போதுதானே தடுக்குது?"

"அப்ப மெலிசாப் போட்டிருப்பான்."

அப்சலுக்கு போன் செய்தார்.

"மேடம், பலகை எட்டுதான், ஃபோம் மூணுதான். பெட்டியக் காட்டறேன். மேஸ்திரி தளத்தப் பள்ளமா விட்டிருக்காரு. நான் அப்பவே பாத்தேன்."

"அப்பவே பாத்தா அப்பவே சொல்ல மாட்டீங்களா?"

"பட்டி அடிச்சா மறைஞ்சுடும்னு நெனச்சேன் மேடம்."

மறுநாள் அவன் வந்து பட்டி அடித்தான். அலுமினியத்தில் வார்த்த, ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த பட்டி. உயரமான தரையிலிருந்து தாழ்ந்த தரைக்குச் சின்னச் சரிவாக இறங்கும். எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான். காலைத் தூக்கி நடக்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் விரலகலத்தில் ஏறி இறங்கும் சரிவு, வீசி வரும் காலுக்குச் சரிவே அல்ல, அதுவும் ஒரு படிதான். போதாததற்கு, பட்டியின் ஒரு முனை சரியாக உட்காரவில்லை. மிதித்தால் டக்கென்று சத்தம் போட்டது.

பானுமதி ஒரு முறை நடந்து பார்த்தார். ஷூ நுனி பட்டியில் இடித்து நின்றது.

"கழட்டுங்க."

"மேடம், கம்பெனி ஐட்டம் இது—"

"கம்பெனிக்கு ரெண்டு காலும் நல்லா இருக்குது தம்பி. கழட்டுங்க."

அதற்குப் பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. மேஸ்திரி ஒரு நாள் பானுமதி பள்ளியில் இருந்த நேரத்தில் வந்து, கதவடியில் மட்டப்பலகையை வைத்து, டைல்ஸும் மரமும் ஒட்டி நிற்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பலகைக்கு அடியில் ஒரு காகிதம்கூட நுழையாது. அப்சல் வேறொரு நாள் வந்து, மரத்தின் மேல் மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கி, அது டைல்ஸின் விளிம்புக்குச் சமமாக நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரே கதவு, ஒரே தரை. ஒரு படத்தில் ஒன்றுமில்லை, இன்னொன்றில் ஆறு மில்லிமீட்டர். இடைவேளையில் ஆசிரியர் அறையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த பானுமதிக்கு, ஒருவர் பொய் சொல்கிறார் என்றே தோன்றியது. யார் என்றுதான் தெரியவில்லை.

தை மாதத்தில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. பத்திரிகை அச்சாகிவிட்டது. நவநீதன் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, கதவடியைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. மேல ஒரு மேட் போட்டுறலாம். அழகாவும் இருக்கும்."

"மேட்டா?"

"ஆமா. ரப்பர் அடி வெச்சது, நழுவாது."

"ஆறு மில்லிமீட்டர் தடுக்குதுன்னு பத்து மில்லிமீட்டர் மேட் போடறியா? எந்த ஊர்க் கணக்குடா இது?"

"அப்ப விசேஷம் முடியட்டும். அப்பறமா பாத்துக்கலாம்."

"அப்பறமா யாரும் பாக்க மாட்டாங்க. அப்பறமா நான் மட்டுந்தான் இங்க இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும் என்று பானுமதி சொல்லிவிட்டார். வராவிட்டால் டைல்ஸை உடைக்க வேறு ஆளைக் கூப்பிடுவதாகவும் சொன்னார். வந்தார்கள். வந்ததும் கதவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, இவர் அவனையும் அவன் இவரையும் பார்க்காமல், இரண்டு பேரும் டீச்சரிடமே பேசினார்கள்.

"பாருங்க டீச்சருங்க, கண்ணுக்கு முன்னால இருக்குது. ஒட்டி நிக்குதா இல்லையா?"

"மேடம், இங்க பாருங்க. விரல வெச்சுப் பாருங்க. நகம் மாட்டுது."

"வயசுப் பையன், கண்ணு தெரியலியாட்டம் இருக்குது."

"மேஸ்திரிக்குத்தான் கண்ணாடி போடணும்."

பானுமதி அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் கதவின் கீல் இருக்கும் கிழக்கு ஓரத்தில் இருந்தார். அப்சல் மேற்கு ஓரத்தில் இருந்தான். உள்ளே போகும்போது தன் வலது கால் கிழக்கு ஓரமாகப் போகிறது. திரும்பி வரும்போது மேற்கு ஓரமாக வருகிறது. உள்ளே போகையில் தடுக்காதது இறங்குமுகம் என்பதால் மட்டுமல்ல.

"நவநீதா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

"குடிக்கவா?"

"ஊத்த."

டைல்ஸின் மேல், கதவுக்கு மேற்கே, அவரே குனிந்து மெதுவாகத் தண்ணீரைச் சாய்த்தார். அப்சல் அலறினான்.

"மேடம்! பலகையில தண்ணி போனா ஊறிக்கும்!"

தண்ணீர் பலகைப் பக்கம் போகவில்லை. சுவர் ஓரமாக, கதவடியை ஒட்டி, கிழக்கே பார்த்து நேராக ஓடியது. எங்கும் தேங்காமல், ஹாலைக் கடந்து, தலைவாசல் ஓரத்தில் விட்டிருந்த துளை வழியாக வெளியே போய்ச் சேர்ந்தது. கிருஷ்ணப்பனின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சருங்க? எப்டி ஓடுது பாருங்க! ஒரு பொட்டு நிக்குதா? இதான் வேல!"

"மேஸ்திரி," என்றார் பானுமதி. "ஹாலுக்கு வாட்டம் குடுத்திருக்கீங்களா?"

"குடுக்காம?"

"மட்டமா வேணும்னுதானே சொன்னேன்?"

"மட்டமாத்தானுங்க போட்டேன். வாட்டத்தோட மட்டமா. வெள்ளிக்கிழமை வூடு கழுவி உட்டா தண்ணி எங்கீங்க போறது? வாட்டம் இல்லாம யாராச்சும் தரை போடுவாங்களா? ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா நானு?"

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் தரையைத் துடைப்பது தினசரி வேலை. கழுவுவது வெள்ளிக்கிழமை வேலை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவார்கள். தண்ணீர் தேங்கினால் மேஸ்திரியின் பெயர் கெடும். அதனால் வாட்டம் என்கிற சரிவு வேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை, கொடுத்தேன் என்று மேஸ்திரி சொல்வதுமில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேன் என்று எந்தச் சமையல்காரர் சொல்கிறார்? மேற்கிலிருந்து கிழக்கே ஹால் சரிந்தது. மூன்றடி அகலக் கதவுக்குள் மட்டும் அந்தச் சரிவு ஆறு மில்லிமீட்டர். படுக்கையறையை யாரும் கழுவப் போவதில்லை என்பதால் அதன் தளத்தை மேஸ்திரி ரசமட்டம் வைத்து நேராக முடித்திருந்தார். சாய்ந்த கோடும் கிடைக்கோடும் ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். அந்தப் புள்ளி கீல் ஓரத்தில் இருந்தது. மேஸ்திரி அங்கே அளந்திருந்தார், அப்சல் மறு ஓரத்தில். இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதில் பானுமதிக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. ஏனென்றால், தப்பு ஒரு மூலையில் இல்லை, முழு ஹாலிலும் இருந்தது.

"டைல்ஸ கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சுறலாமா?" என்றான் நவநீதன்.

"தேய்ச்சா பாலிஷ் போயி உள்ள இருக்கற செவப்பு மண்ணு தெரியும்," என்றார் மேஸ்திரி.

"கதவாண்ட ரெண்டு வரிசைய மட்டும் பேத்துட்டு நேராப் போடறது?"

"ரெண்டடி டைல்ஸுங்க. அது என்ன சப்பாத்தியா, முறுக்கிப் போட? ஒரு மூலைய அமுக்கினா இன்னொரு மூலை தூக்கும். வூடு பூரா தடுக்கும்."

"ஹால மொத்தமா பேத்துட்டா?" என்று அப்சல் மெதுவாகக் கேட்டான்.

கிருஷ்ணப்பன் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தார். "உன் கடையப் பேத்துட்டு வாடா மொதல்ல."

மறுபடியும் சத்தம். பானுமதி கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார். கால் வலித்தது. வகுப்பில் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொடுக்கிற கோடுகளின் கணக்கு, தன் வீட்டில் காலடியில் கிடந்து இத்தனை நாளாக உறைக்கவில்லையே என்ற கோபம் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

"அப்சல், பலகைக்கு எது ஆகாது? சரியாச் சொல்லுங்க."

"மேடு பள்ளம் ஆகாது மேடம். பலகைக்குப் பலகை கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். அடியில பள்ளம் இருந்தா மிதிக்க மிதிக்க அந்தக் கொக்கி ஒடஞ்சுரும்."

"சாஞ்சிருந்தா?"

"சாஞ்சிருந்தான்னா?"

"மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. அறை மொத்தமும் ஒரே தகடு மாதிரி, ஹால் சாயற அளவுக்கே சாஞ்சிருந்தா ஒடையுமா?"

அப்சல் யோசித்தான். "ஒடையாதுங்க மேடம். பலகைக்கு என்ன தெரியும், சாஞ்சிருக்கோமா நேரா இருக்கோமான்னு? ஆனா யாரும் அப்டிக் கேட்டதில்ல."

தட்டையாக இருப்பது வேறு, நேர்மட்டமாக இருப்பது வேறு. மேசையின் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்தால் மேசை சாயும். மேற்பலகை தட்டையாகவேதான் இருக்கும். மரத்தரைக்குத் தட்டையாக இருந்தால் போதும். ஹாலை நிமிர்த்த முடியாது என்றால் அறையைச் சாய்த்துவிட வேண்டியதுதான். கீல் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, அறையின் மேற்குச் சுவரில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தளத்தை ஏற்றினால், கதவடியில் இரண்டு தரையும் முழு அகலத்துக்கும் ஒரே கோட்டில் நிற்கும்.

"படுத்தா உருண்டு வந்துரமாட்டியா?" என்றான் நவநீதன்.

"பத்தடிக்கு ஒரு விரல்டா. கோலிக்குண்டு உருளும். நான் உருள மாட்டேன்."

பையில் வரும் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடலாம் என்று அப்சல் சொன்னான். அது தண்ணீர் மாதிரி தானே பரவி நேர்மட்டமாக நின்றுவிடும். நேர்மட்டம்தான் இங்கே வேண்டாதது. நூல் கட்டி, கையால்தான் இழுக்க வேண்டும். கிருஷ்ணப்பன் தாடையைத் தடவினார். கீல் ஓரத்தில் கலவை காகிதம் மாதிரி மெலிந்துவிடும், உரிந்து வரும் என்றார். பிறகு தானே, பழைய தளத்தைக் கொத்திவிட்டு, பசை கலந்த சிமெண்ட் பாலை அடித்து, சலித்த மணலில் போட்டால் பிடித்துக்கொள்ளும் என்றார். நல்லது என்று எல்லோரும் எழுந்தபோதுதான் அப்சல் தலையைச் சொறிந்தான்.

"அந்தச் சிமெண்ட் நல்லாக் காயணும் மேடம். ஈரத்து மேல பலகை போட்டா ஒரே வாரத்துல உப்பிக்கும். ஒரு மாசமாவது ஆகும்."

கிரகப்பிரவேசம் அடுத்த வாரம்.

"அப்ப முடியாது," என்றான் நவநீதன். "படுக்கையறையப் பூட்டி வெச்சுட்டு யாராவது வூட்டத் தொறப்பாங்களா? வர்றவங்க எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க. இன்னிக்கு மேட் போடு. மாசியில பேத்துக்க."

"போட்ட தரைய விசேஷத்துக்குப் பின்னால பேக்க நீ உடுவியா? 'நல்லாத்தானே இருக்குது, பாத்து நடந்தா போதும்'ம்ப."

அவன் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"பலகையக் கழட்டுங்க அப்சல். இப்பவே."

விசேஷத்தன்று படுக்கையறைக் கதவு பூட்டியிருந்தது. பால் பொங்கியது, பந்தி நடந்தது, வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கதவின் பிடியைத் திருகிப் பார்த்தார்கள். உள்ளே என்ன என்று கேட்டவர்களுக்கு முதலில் நவநீதன் விளக்கம் சொன்னான். வாட்டம், ஆறு மில்லிமீட்டர், கொக்கி என்று தொடங்கியவன், மதியத்துக்குள் அலுத்துப்போய் "சிமெண்ட் காயுது" என்று மட்டும் சொன்னான். சாலம்மாள் பெரியம்மா "அறைய ஏன்டா சாய்ச்சுக் கட்டறீங்க, மனுசன் கட்டறதா இது?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். பானுமதி ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். தாடை வலித்தது.

அதற்குப் பிறகு சிமெண்ட் காய்ந்தது, அப்சல் வரவில்லை. பெங்களூரில் பெரிய வேலை என்றான். பிறகு உறவில் கல்யாணம் என்றான். பானுமதி ஹாலில் கட்டில் போட்டுப் படுத்தார். டைல்ஸ் மேலேயே நகர்ந்தார், காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு.

மாசிக் கடைசியில் அவன் வந்து பலகைகளை மறுபடி மாட்டினான். மரம் விரிந்து சுருங்குவதற்காகக் கதவடியில் விட்டே ஆக வேண்டிய இடைவெளியில் இந்த முறை பட்டி அடிக்கவில்லை. தக்கைப் பட்டையை அழுத்திச் செருகினான். தக்கை நசுங்கும், மறுபடி விரியும், மேலே எழும்பி நிற்காது. கிருஷ்ணப்பன் மட்டப்பலகையைக் கிழக்கு ஓரத்தில் வைத்தார், நடுவில் வைத்தார், மேற்கு ஓரத்தில் வைத்தார். எந்த இடத்திலும் அடியில் காகிதம் நுழையவில்லை.

நவநீதன் கதவைச் சாத்திப் பார்த்தான். கதவு பாதியில் நின்றது. மேற்கு ஓரத்தில் தரை உயர்ந்துவிட்டதே, கதவின் அடி மட்டும் பழைய உயரத்தில்தானே இருக்கிறது?

"இது வேறயா!" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏன் மேஸ்திரி, இது தெரியாதா உங்களுக்கு?"

"கதவு தச்சன் வேலைங்க," என்றார் மேஸ்திரி.

"நான் தரைக்குத்தான் வந்தேன்," என்றான் அப்சல்.

"ஆளாளுக்கு ஒரு வேல! அப்ப யாரு வேலதான்யா இது?"

கடைசியில் அப்சல்தான் கதவைக் கீலிலிருந்து கழற்றினான். கதவை ஹால் சுவரில் சாய்த்து வைத்து, அடியில் எவ்வளவு இழைக்க வேண்டும் என்று மூவரும் குனிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று அப்சல் கோடு கிழிக்க, இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால்தான் அழகு என்று நவநீதன் சொல்ல, கிருஷ்ணப்பன் இருவருக்கும் தச்சு வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

பானுமதி சமையலறையிலிருந்து வந்தார். வலது கையில் ஊன்றுகோல், இடது கையில் டீ டம்ளர். வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அவர் இதுவரை எதையும் ஏந்திப் போனதில்லை. இடது கை எப்போதும் ஒரு சட்டத்தையோ சுவரையோ யாருடைய தோளையோ தேடிக்கொண்டிருக்கும். கதவில்லாத வாசல் வழியே உள்ளே போனார். திரும்பினார். இடுப்பை உயர்த்தினார், கால் வீசி வந்தது, மரத்திலிருந்து டைல்ஸுக்கு வந்துவிட்டது. மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார்.

"அக்கா, நடுவுல நடுவுல வராதக்கா, அளவெடுக்கறோம்," என்று நவநீதன் கதவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்.

"நீங்க எடுங்க," என்று சொல்லிவிட்டு, டீ சிந்தாமல், அவர் இன்னொரு முறை உள்ளே போனார்.